எல்சா கவுனைப் பிடுங்கி வைக்கலாமா?

ஒரு அம்மா கேட்டிருந்தார்: "என் மகளுக்கு 5 வயது. எழுந்ததும் டிஸ்னியின் 'ஃப்ரோசன்' படத்து எல்சா, படுக்கும்போதும் எல்சா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யூனிஃபார்மைக் கழற்றி எறிந்துவிட்டு நீலக் கவுனுக்குள் புகுந்துகொள்கிறாள். இந்த இளவரசிப் படங்கள் பெண் குழந்தையை ராஜகுமாரனுக்காகக் காத்திருக்கும் பொம்மையாக்கிவிடும், உடனே நிறுத்து என்கிறார் என் அக்கா. நிறுத்தத்தான் வேண்டுமா? இன்னொரு தலைவலி, 3 வயதுப் பையன் தனக்கும் அதே கவுன் வேண்டும் என்று அழுகிறான். மாமியார் முகம் சுளிக்கிறார்."

சுருக்கமாகச் சொன்னால், படத்தை நிறுத்த வேண்டாம். உங்கள் அக்காவின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறான ஆளைப் பிடித்திருக்கிறார். நேரம் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். நான் கல்லூரியில் விஸ்காம் மாணவர்களுக்கு அனிமேஷன் வரலாறு எடுப்பவள். வீட்டில் ஒரு பெண், இப்போது பிளஸ் டூ. ஒரு காலத்தில் கண்ணாடிச் செருப்பு கேட்டுக் கடை வாசலில் உருண்டு புரண்டவள்.

அக்கா மனதில் இருப்பது 1937-இல் வந்த 'ஸ்னோ ஒயிட்' மாதிரியான படம் என்று நினைக்கிறேன். டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படம் அது. அதன்மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளை நான் மறுக்கப் போவதில்லை. உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிவந்த சிறுமி, முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்ததும் துடைப்பத்தைத் தேடுகிறாள். குள்ளர்கள் திரும்பி வந்ததும், என்னை இங்கே தங்கவிட்டால் பெருக்குவேன், துவைப்பேன், சமைப்பேன் என்று அவளாகவே பட்டியல் போடுகிறாள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் கதையில் இந்தப் பட்டியலைப் போடுபவர்கள் குள்ளர்கள். சமைத்து, படுக்கை விரித்து, துவைத்து, தைத்து, பின்னிக் கொடுப்பாய் என்றால் இங்கேயே இருந்துகொள் என்கிறார்கள். கதையில் அது பேரம். படத்துக்கு வரும்போது அதுவே பெண்ணின் சுபாவமாகிவிட்டது. வருடாவருடம் வகுப்பில் இந்த ஒரு இடத்தைக் காட்டுவேன். ஸ்டீரியோடைப் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

முத்தமும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். கிரிம் கதையில் ஸ்னோ ஒயிட்டை யாரும் முத்தமிட்டு எழுப்புவதில்லை. கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகிறவர்கள் கால் இடறுகிறார்கள். குலுங்கிய குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே தெறிக்கிறது. அவள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். கிரிம் சகோதரர்களும் சும்மா இருக்கவில்லை. 1812-இல் வந்த முதல் பதிப்பில் அந்தச் சிறுமியைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கிவிட்டார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்று யாரும் முகம் சுளிக்கக் கூடாதல்லவா? எல்லா ஊர் மாற்றாந்தாய்களுக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்தத் திருத்தத்துக்கும் பங்கு உண்டு.

அந்தப் படத்தின் ராஜகுமாரனுக்குப் பெயர்கூடக் கிடையாது. தொடக்கத்தில் ஒரு பாட்டு, கடைசியில் ஒரு முத்தம். ஆண் உருவத்தை நம்பும்படியாக வரைந்து நடமாட வைப்பது அன்றைய ஓவியர்களுக்குப் பெரும்பாடாக இருந்ததால் அவன் காட்சிகள் குறைந்துபோயின. 1950-இல் வந்த 'சிண்ட்ரெல்லா'வின் ராஜகுமாரனுக்கும் படத்தில் பெயர் இல்லை. 1959-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில்தான் பிலிப் என்று ஒருவன் பெயரோடு வந்து, டிராகனோடு வாள் சண்டை போடுகிறான். காத்திருப்பவள் பெண், குதிரையில் வந்து காப்பாற்றுகிறவன் ஆண் என்ற அச்சு அங்கே கெட்டிப்பட்டது.

இதையெல்லாம் யார் வரைந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1938-இல் வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு டிஸ்னி ஸ்டூடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. படைப்பு சார்ந்த எந்த வேலையையும் இங்கே பெண்கள் செய்வதில்லை, அதை முழுக்க இளைஞர்களே செய்கிறார்கள். பெண்களுக்கு இருப்பது செல்லுலாய்டு தாளில் மையால் கோடு இழுப்பதும், பின்பக்கம் வண்ணம் நிரப்புவதும்தான் என்பது அதன் சாரம். இளவரசி எப்போது தலை குனிய வேண்டும், எப்போது கண்ணைத் தாழ்த்த வேண்டும் என்று ஆண்கள் ஓர் அறையில் முடிவு செய்தார்கள். கை நடுங்காமல் அதன்மேல் கோடு இழுத்தவர்கள் இன்னோர் அறையில் இருந்த பெண்கள். விதிவிலக்குகள் உண்டு. சிண்ட்ரெல்லாவின் வண்ண உலகத்தைக் கற்பனை செய்ததில் மேரி பிளேர் என்ற ஓவியருக்குப் பெரும் பங்கு. (ஸ்னோ ஒயிட்டுக்கு 11 வருடம் முன்னால், 1926-இலேயே, லொட்டே ரைனிகர் என்ற ஜெர்மன் பெண் கறுப்புத் தாளைக் கத்தரித்து, நிழலுருவங்களை வைத்து முழுநீள அனிமேஷன் படமே எடுத்து முடித்திருந்தார். தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது. தேடிப் பாருங்கள்.)

இதுவரை அக்கா கட்சி. இனி என் கட்சி.

2016-இல் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் ஆண்கள் எவ்வளவு பேசுகிறார்கள், பெண்கள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த கணக்கு வெளியே வந்தது. துடைப்பம் பிடித்த ஸ்னோ ஒயிட் படத்தில் ஆண் பேச்சும் பெண் பேச்சும் ஏறக்குறைய பாதிப் பாதி. சிண்ட்ரெல்லாவில் பெண்கள் 60 சதவீதம். நாயகி வாய் திறப்பதே அபூர்வமான ஸ்லீப்பிங் பியூட்டியில் 71 சதவீதம்! அங்கே மூன்று தேவதைகளும் சூனியக்காரி மெலிஃபிசென்ட்டும் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். பிறகு 30 வருட இடைவெளி. 1989-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' வருகிறது. அப்பாவை எதிர்க்கிற, வெளி உலகத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று துடிக்கிற கடல்கன்னி ஏரியலின் கதை. அந்தப் படத்தில் 68 சதவீதம் ஆண்கள் பேச்சு. புத்தகப் புழுவான பெல் வரும் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' (1991) படத்தில் 71. 'அலாதீன்' (1992) படத்தில் 90. 'போகஹான்டஸ்' (1995) படத்தில் 76. நாட்டையே காப்பாற்றுகிற பெண்ணின் கதையான 'முலான்' (1998) படத்தில் 77.

இந்த வரிசையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நாயகிக்குத் துணிச்சல் கூடக் கூட அவளைச் சுற்றி இருந்த பெண்கள் காணாமல் போகிறார்கள். முலான் போர்க்களத்துக்குப் போகிறாள், அங்கே ஆண்கள்தான் இருப்பார்கள், சரி. ஆனால் கூடவே வருகிற குட்டி டிராகன் முஷூ எதற்கு ஆணாக இருக்க வேண்டும்? அந்தப் படத்தில் முலான் பேசுவதைவிட முஷூ பேசுவது அதிகம். ஏரியல் தன் குரலையே விலையாகக் கொடுப்பதால் பாதிப் படம் ஊமை. அது கதைக்குத் தேவை. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் 1837-இல் எழுதிய மூலக்கதையில் நாக்கையே அறுத்துவிடுகிறார்கள். ஆனால் நண்டு ஆண், நண்பனான மீன் ஆண், கடற்பறவை ஆண், சமையல்காரர் ஆண். இவர்களை ஆணாக்கும்படி கதை கேட்கவே இல்லை. யாரோ திட்டம் போட்டுச் செய்த சதி என்று இந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆணே பொது, பெண் தனிவகை என்று பழகிப்போன கவனக்குறைவு என்பது அவர்களுடைய ஊகம். ஒரு கடைக்காரர் வேண்டும் என்றால் கை தானாகவே மீசையை வரைந்துவிடுகிறது.

உங்கள் மகளின் 'ஃப்ரோசன்' படத்துக்கு வருவோம். 2013-இல் வந்தது. டிஸ்னியின் அனிமேஷன் ஸ்டூடியோ எடுத்த முழுநீளப் படத்தில் ஒரு பெண், ஜெனிஃபர் லீ, இயக்குநர்களில் ஒருவராக அமர்ந்தது அதுதான் முதல் தடவை. இப்போதுதான் பார்த்தவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாயா என்று அக்கா தங்கையைக் கேட்கிற படம். உண்மை அன்பு என்பது ராஜகுமாரனின் முத்தம் என்று நம்ப வைத்து, கடைசியில் தங்கை அக்காவுக்குக் குறுக்கே பாய்வதுதான் அது என்று திருப்புகிற படம். அழகான ராஜகுமாரன்தான் வில்லன். இவ்வளவும் செய்துவிட்டு, இரண்டு நாயகிகளை வைத்துக்கொண்டும், பெண்கள் பேச்சு 41 சதவீதம்தான். பனிமனிதன், கலைமான், ஐஸ் வெட்டுகிறவன், ராஜகுமாரன், பக்கத்து நாட்டுப் பிரபு, கடைக்காரர், பூதங்களின் தலைவர் எல்லாருமே ஆண்.

இந்தப் படத்துக்கு விதையாக இருந்தது ஆண்டர்சன் 1844-இல் வெளியிட்ட 'பனி ராணி' கதை. அதில் பனி ராணி ஒரு பையனைக் கடத்திக்கொண்டு போகிறாள். அவனைத் தேடிப் போய் மீட்பவள் கெர்டா என்ற ஏழைச் சிறுமி. வழியில் அவள் சந்திப்பது யாரை? பூந்தோட்டக் கிழவி, புத்திசாலி இளவரசி, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கும் கொள்ளைக்காரச் சிறுமி, லாப்லாந்துப் பாட்டி, ஃபின்லாந்துப் பாட்டி. பெண்கள் கை மாற்றிக் கை மாற்றிக் கெர்டாவை வடகோடி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். கிட்டத்தட்ட 170 வருடம் கழித்து, பெண்ணியப் படம் என்று உலகம் கொண்டாடிய படத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கும் இடமில்லாமல் போயிற்று. எனக்கு இது துடைப்பத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. துடைப்பத்தைக் குழந்தை பார்த்துவிடுவாள், நீங்களும் பார்த்துவிடுவீர்கள். இல்லாத பாட்டிகளை யார் பார்ப்பது?

எல்சாவைப் பாராட்டவும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் படங்களில் அதிகாரம் கையில் உள்ள பெண் என்றால் அவள் பெரும்பாலும் வயதானவள், இல்லையென்றால் பருமனானவள், கறுப்பு உடுத்தியவள். கதை முடிவதற்குள் செத்துப்போவாள். ஸ்னோ ஒயிட்டின் ராணி, மெலிஃபிசென்ட், ஏரியலிடம் குரலை வாங்கும் அர்சுலா, ரபுன்செலைக் கோபுரத்தில் அடைக்கும் கோத்தல் என்று வரிசையாகச் சொல்லலாம். எல்சாவையும் முதலில் வில்லியாகத்தான் எழுதினார்கள். அவள் மலையேறிப் போய்ப் பனிமாளிகை கட்டும் அந்தப் பிரபலமான பாட்டை இசையமைப்பாளர்கள் போட்டுக் கொடுத்ததும், இவளை எப்படி வில்லி என்பது என்று கதையையே மாற்றி எழுதினார்கள். சூனியக்காரி ராணி முதன்முதலாக நாயகியானாள். தமிழில் இரண்டாம் பாகத்துக்கு ஸ்ருதி ஹாசன் எல்சாவாகவும் டிடி தங்கை அன்னாவாகவும் குரல் கொடுத்தார்கள். உங்கள் மகள் அந்தக் குரலில் மயங்கியிருந்தால் ஆச்சரியமில்லை. அவளுக்குப் பிடித்திருப்பது கவுனா, கையை வீசினால் கட்டடம் எழும்புகிற சக்தியா என்று ஒரு நாள் கேட்டுத்தான் பாருங்களேன்.

பெண்கள் எழுத வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பியூட்டி அண்ட் த பீஸ்ட் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் லிண்டா உல்வர்ட்டன். டிஸ்னி அனிமேஷன் படம் ஒன்றை எழுதிய முதல் பெண். ஒரு காட்சியில் பெல் உலக வரைபடத்தில் தான் போக விரும்பும் ஊர்களைக் குத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்தார். காட்சியைப் படம் படமாக வரைந்த ஸ்டோரிபோர்டு வந்தபோது பெல் சமையலறையில் கேக்குக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். சண்டை போட்டுச் சமரசத்துக்கு வந்ததில்தான் அவள் கைக்குப் புத்தகம் போயிற்று. எழுதியவர் ஊரைச் சுற்ற அனுப்பியவளை வரைந்தவர்கள் அடுப்படிக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். கெட்ட எண்ணமெல்லாம் ஒன்றும் இருந்திருக்காது. கை பழகிய இடத்துக்குப் போயிற்று.

அழகு விஷயம் மட்டும் பாதி மாறியிருக்கிறது. அதே ஆய்வாளர்கள் பெண் பாத்திரங்களுக்குக் கிடைக்கும் பாராட்டையும் எண்ணினார்கள். பழைய மூன்று படங்களில் பாராட்டில் 55 சதவீதம் தோற்றத்துக்கு, 11 சதவீதம் திறமைக்கு. புதிய படங்களில் தோற்றத்துக்கு 22, திறமைக்கு 40. காதுக்கு இது நல்ல செய்தி. கண்ணுக்கு? அன்னாவின் கண்ணும் மணிக்கட்டும் ஒரே சட்டகத்தில் வரும்போது படத்தை நிறுத்திப் பாருங்கள். கண் பெரிதாக இருக்கும். ஃப்ரோசன் வெளிவந்த சமயத்தில் அதன் அனிமேஷன் தலைவரே ஒரு பேட்டியில், பெண் பாத்திரங்களை அசைய வைப்பது மிகக் கடினம், எல்லா உணர்ச்சியையும் காட்ட வேண்டும், அதே நேரத்தில் அழகும் குறையக் கூடாது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த வரிக்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை அப்படித்தான் நடக்கிறது என்று உள்ளதைச் சொன்னார். பனிமனிதன் ஓலாஃபின் தலை கழன்று விழலாம், மூக்கு பின்மண்டை வழியாக வரலாம். அன்னா கோணலாக அழக்கூட முடியாது.

இப்போது கடைக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பிரச்சினைக்குப் படத்தைவிடக் கடைதான் காரணம் என்பது என் கட்சி.

'டிஸ்னி இளவரசிகள்' என்ற கூட்டமே 2000 வரை கிடையாது. தனித்தனிப் படங்கள், தனித்தனி நாயகிகள். நைக் நிறுவனத்திலிருந்து டிஸ்னியின் பொருள் விற்பனைப் பிரிவுக்கு வந்த ஆண்டி மூனி, அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். வரிசையில் நின்ற சிறுமிகள் எல்லாம் வீட்டில் ஒப்பேற்றிய இளவரசி உடையில் இருந்தார்கள். ஒன்றுகூட டிஸ்னி விற்றது இல்லை. அவருக்குப் பொறி தட்டியது. எட்டு ஒன்பது நாயகிகளை ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். 2001-இல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை 2006-க்குள் 300 கோடியைத் தொட்டது. இளவரசி என்பதற்கு இலக்கணம் எல்லாம் பார்க்கவில்லை. முலான் ராஜா மகளும் இல்லை, ராஜகுமாரனைக் கட்டியவளும் இல்லை, பட்டியலில் இருக்கிறாள். முடிசூடிய ராணி எல்சா பட்டியலில் இல்லை, தனிக்கடையாகவே நன்றாக ஓடுகிறாள்.

அந்தப் பெட்டிகளில், பைகளில், தண்ணீர் பாட்டில்களில் இளவரசிகள் சேர்ந்து நிற்கும் படத்தை உற்றுப் பாருங்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்கவே மாட்டாள். ஒருத்தியின் கதை உலகம் இன்னொருத்தியினுடையதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே வைத்த ஏற்பாடு அது. படத்தில் இவர்கள் ஓடினார்கள், படித்தார்கள், சண்டை போட்டார்கள். பெட்டிக்கு வந்ததும் பெல் கையிலிருந்த புத்தகம் போய் மஞ்சள் கவுன் மட்டும் மிஞ்சுகிறது. கவசம் போட்ட முலானைவிடப் பட்டு உடுத்திய முலான்தான் அதிகம். 90 நிமிடம் படம் பார்க்கிற குழந்தை, பாட்டிலையும் பென்சில் டப்பாவையும் 365 நாளும் பார்க்கிறாள்.

இதற்குச் சரியான சாட்சி மெரிடா. 2012-இல் டிஸ்னிக்குச் சொந்தமான பிக்சார் ஸ்டூடியோ எடுத்த 'பிரேவ்' படத்தின் நாயகி. கலைந்த சிவப்புச் சுருட்டைமுடி, உருண்டை முகம், கையில் வில். தன்னைக் கட்டிக்கொள்ள நடக்கும் போட்டியில் தானே இறங்கி ஜெயிக்கிறவள். கதை முழுக்க அம்மாவுக்கும் பெண்ணுக்கும் நடக்கிற மல்லுக்கட்டு, அதனால் பெண்கள் பேச்சும் 74 சதவீதம். கதையை உருவாக்கி இயக்கத் தொடங்கிய பிரெண்டா சாப்மன் தன் மகளை மனதில் வைத்து எழுதியது. பாதியில் அவரை மாற்றிவிட்டு ஒரு ஆண் இயக்குநரிடம் கொடுத்தார்கள் என்பது தனிக்கதை. 2013-இல் மெரிடாவை இளவரசிகள் கூட்டத்தில் சேர்த்தார்கள். விற்பனைக்கு என்று வரைந்த படத்தில் இடுப்பு சிறுத்திருந்தது, கழுத்து இறங்கியிருந்தது, முடி படிந்திருந்தது, வில்லைக் காணோம். 2 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள், சாப்மனே வெளிப்படையாகத் திட்டினார். படம் அதே படம்தான், அதில் ஒரு குறையும் வரவில்லை. கடை வாசலைத் தாண்டுவதற்குள் பெண்ணின் கையிலிருந்த ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சரி, குழந்தைகள்மேல் இதன் விளைவு என்ன? அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் சாரா காய்ன் குழு 198 குழந்தைகளை, சுமார் 5 வயதில் ஒரு தடவை, ஒரு வருடம் கழித்து இன்னொரு தடவை பார்த்து 2016-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் மூழ்கியவர்கள் ஒரு வருடம் கழித்துப் 'பொம்பளப் பிள்ளை'க்கு என்று ஒதுக்கிய விளையாட்டு, நடத்தை பக்கம் இன்னும் அதிகமாகச் சாய்ந்திருந்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் இதைப் போட்டன, உங்கள் அக்காவும் எங்கேயாவது படித்திருக்கலாம். பலர் கவனிக்காமல் விட்ட ஒரு வரி அதில் உண்டு. பெற்றோர் கூட உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிய வீடுகளில் அந்தச் சாய்வு இன்னும் கூடியிருந்தது. சேர்ந்து பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்த எனக்கு அது பலத்த அடி. யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்காமலில்லை என்று தோன்றியது. கூட உட்கார்ந்து நாம் என்ன பேசுகிறோம்? "ஐ, எவ்ளோ அழகா இருக்கா பாரு, உன்ன மாதிரியே!" பிறந்தநாளுக்கு எல்சா கேக், வந்தவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளி "எங்க வீட்டு இளவரசி".

அதே குழு 2021-இல் இன்னொன்றை வெளியிட்டது. 300-க்கும் மேற்பட்ட குழந்தைகளை, 10 வயதை நெருங்கும்போது திரும்பப் பார்த்தார்கள். சின்ன வயதில் இளவரசிகளில் மூழ்கியவர்கள், ஆணும் சரி பெண்ணும் சரி, ஆம்பள என்றால் அழக் கூடாது, அடங்கக் கூடாது என்கிற மாதிரியான எண்ணங்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே வைத்திருந்தார்கள். ஆகவே 5 வயது நீலக் கவுனைப் பார்த்து 25 வயதுக்கு ஜோசியம் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். இரண்டுமே அமெரிக்கக் குழந்தைகளிடம் எடுத்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அவரும் ஒரு பாயின்ட் எடுத்த மாதிரி இருக்கும்.

படத்துக்குத் தடை போட்டால் அது தோழி வீட்டில் ஓடும். அதற்குப் பதில் இல்லாத பெண்களைக் கொண்டுவந்து சேர்க்கப் பாருங்கள். பிரேவ் காட்டுங்கள், கரடி வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் இருங்கள். 2016-இல் வந்த 'மோனா'வில் காதலனே கிடையாது, ஆனால் ஆழமான ஒரு பாட்டி இருக்கிறாள். டிஸ்னியைத் தாண்டியும் போகலாம். ஏரியல் குரலை விற்ற அதே 1989-இல் ஜப்பானில் அனிமேஷன் இயக்குநர் மியாசாகி ஒரு படம் எடுத்தார்: 13 வயதுச் சூனியக்காரச் சிறுமி கிக்கி, துடைப்பத்தில் பறந்து வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறாள். (அங்கேயும் துடைப்பம்தான், பெருக்க மட்டும் இல்லை.) அவளுக்கு இடம் கொடுப்பவள் பேக்கரிக்காரப் பெண், வேலை கொடுப்பவள் ஒரு பாட்டி, பறக்கும் சக்தி போய்த் துவண்டு கிடக்கும்போது தேற்றுகிறவள் காட்டில் தனியாக இருந்து படம் வரையும் இளம்பெண். அந்த ஓவியப் பெண்ணின் பெயரும் அர்சுலா. ஒரே வருடத்தில் இரண்டு அர்சுலா, ஒருத்தி சிறுமியின் குரலைப் பிடுங்கினாள், இன்னொருத்தி சிறுமிக்குப் பறக்கத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள்.

ராத்திரிக் கதையிலும் காசில்லாமல் ஒரு வேலை செய்யலாம். தமிழில் மிருகங்கள் அஃறிணைதான், 'அது' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கதை என்று வந்தால் சிங்கராஜா, நரியார், யானை அண்ணன், கரடி மாமா என்று ஒட்டுமொத்தக் காடும் ஆணாகிவிடுகிறது. பெண்ணுக்கு மிஞ்சுவது மான்குட்டியும் பூனையம்மாவும். இன்று ராத்திரி நரியை அக்காவாக்குங்கள், சிங்கத்தைப் பெரியம்மாவாக்குங்கள். என் வகுப்பில் இதைப் பயிற்சியாகக் கொடுத்தால், 20 வயதுப் பிள்ளைகள் மூன்றாவது வரியிலேயே மறந்துபோய் 'அவன்' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரே ஒரு சுயதொழில் நாயகி வடை சுட்ட பாட்டி. அவளையும் காக்காவிடம் ஏமாந்தவளாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

கடைசியாக உங்கள் பையன். 2010-இல் ரபுன்செல் கதையை டிஸ்னி எடுத்தபோது படத்தின் பெயரும் முதலில் ரபுன்செல்தான். அதற்கு முந்தைய வருடம் பெயரிலேயே இளவரசி வந்த ஒரு படம் எதிர்பார்த்த வசூல் செய்யவில்லை. பையன்கள் வரவில்லை என்று கணக்குப் பார்த்தார்கள். பெயரை 'டேங்கில்ட்' என்று மாற்றி, விளம்பரத்தில் திருடன் ஃப்ளினை முன்னால் நிறுத்தினார்கள். பெண் குழந்தை அலாதீன் பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பையன் ரபுன்செல் பார்த்தால் மட்டும் என்னவோ நடந்துவிடும் என்கிற பயம் உங்கள் மாமியாருக்கும் உண்டு, ஸ்டூடியோ கணக்குப்பிள்ளைக்கும் உண்டு. நான் சொன்ன 2016 ஆய்விலேயே, இளவரசிகளோடு விளையாடிய பையன்கள் தங்கள் உடம்பைப் பற்றி நல்ல எண்ணத்தோடு இருந்தார்கள், மற்றவர்களுக்கு உதவுவதிலும் முன்னால் நின்றார்கள்.

மாமியாரிடம் ஆய்வெல்லாம் எடுபடாது. பீரோவில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு வயதில் உங்கள் கணவருக்குப் பாவாடை சட்டை போட்டு, தலையில் சவுரி வைத்துப் பூச்சுற்றி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ ஒன்று அநேகமாக இருக்கும். அதைப் பார்த்து அவரே சிரிப்பார். பிறகு பையனுக்கு ஒரு கவுன் வாங்கிக் கொடுங்கள். அக்காவுடையதைப் போட்டால் நீளம் தடுக்கி விழுவான், கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துவிடுங்கள். அந்தத் துணி சுத்தமான பாலியஸ்டர். நம் வெயிலுக்கு வேர்க்குரு வரும், உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டுவிடுங்கள்.